தெற்கு பார்த்து நின்ற வண்டி

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போகிறவர்கள் ஆண்டாள் கோயில், பால்கோவா, அய்யனார் கோவில் ஆற்றுக் குளியல் என்று ஒரு பட்டியலோடு கிளம்புவார்கள். நான் 1994 ஏப்ரலில் கிளம்பியது என் காரை ஊருக்குக் காட்டுவதற்காக. பழைய வண்டிகளைப் பற்றி எத்தனையோ எழுதிவிட்டேன், இந்தப் பயணத்தை மட்டும் எழுதவில்லை. வெட்கம்தான் காரணம், வேறொன்றும் இல்லை. அந்தப் பக்கம் பழைய கார்கள் பார்க்கப் போகலாமா என்று அண்மையில் சிலர் கேட்டார்கள். வழி சொல்கிற சாக்கில் இதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் மதுரையில் ஒரு கார் உதிரிபாகக் கடையில் கவுண்டரில் நிற்பவன். கார் இல்லாதவனுக்குத்தான் காரைப் பற்றிக் கருத்து அதிகம். அம்பாசிடர் கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி, அழகு பார்க்கக் கூடாது, எத்தனை பேர் வந்தாலும் சமாளிக்கும் என்பேன். ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும், அந்த அழகுக்காகவே அதை மன்னிக்கலாம் என்பேன். மாருதி வந்தபோது தகர டப்பா என்றேன். அது பத்து வருடம் ஓடிக் காட்டியபோது, டப்பாவாக இருந்தாலும் நல்ல டப்பா என்று மாற்றிக்கொண்டேன். காண்டசாவில் ஏறுகிறவர்களுக்குப் போகுமிடம் முக்கியமில்லை, இறங்கும்போது நாலு பேர் பார்க்க வேண்டும் என்பேன். பத்மினியைப் பற்றி மட்டும் யாரும் குறை சொல்லக் கூடாது. சொன்னால் சண்டைக்குப் போவேன். உள்ளூர்க்காரர்கள் பலர் அதைப் பழைய பெயரிலேயே கூப்பிடுவார்கள், அதுகூட எனக்குப் பிடிக்காது.

அந்தப் பத்மினியை, 1979 மாடல், வெண்ணெய் நிறம், 1994 தொடக்கத்தில் பழைய வண்டியாக வாங்கினேன். மூன்று மாதம் கழித்து ராஜபாளையத்திலிருந்து சின்ன மாமாவின் கடிதம் வந்தது. அவர் என் அம்மாவின் தம்பி. ஊருக்கு வெளியே சின்ன நூல் மில் வைத்திருந்தார். எனக்குக் கடையில் வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். மில்லில் புது மெஷின் இறங்குகிறது, பூஜைக்கு வா, வண்டியிலேயே வா என்று எழுதியிருந்தார். அந்தக் கடைசி வரியை நான் இரண்டு தடவை படித்தேன்.

ஒரு புதன்கிழமை காலை 5.40க்கு மதுரையில் கிளம்பினேன். பெட்ரோல் லிட்டர் பதினேழு ரூபாய் சொச்சம். பத்து லிட்டர் போட்டேன். திருமங்கலம் இருபது கிலோமீட்டர், 6.15. தே. கல்லுப்பட்டியில் இரண்டு இட்லி, ஒரு வடை, டீ, எல்லாம் சேர்த்து ஐந்து ரூபாய். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் வலது பக்கம் மலை கூடவே வர ஆரம்பிக்கும். எழுபத்து நாலாவது கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். பஸ் நிலையத்துக்கு எதிரே டாக்சி ஸ்டாண்டில் ஆறேழு அம்பாசிடர்கள் வரிசையில் நின்றன. அதில் ஒன்று மிகப் பழையது, ஆனால் குரோமியம் எல்லாம் பளபளவென்று இருந்தது. வேகம் குறைத்துப் பார்த்தேன். வண்டியைத்தான் பார்த்தேன், பக்கத்தில் நின்றவரைப் பார்க்கவில்லை. அங்கிருந்து ராஜபாளையம் பன்னிரண்டு கிலோமீட்டர். 8.20க்கு மாமாவின் மில் வாசலில் ஹாரன் அடித்தேன்.

மாமா வெளியே வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். மரத்தடியில் அவருடைய அம்பாசிடர் நின்றது. அதற்கென்று கட்டிய ஷெட்டை எனக்காகக் காலி செய்திருந்தார்.

“மருமவன் வண்டி வெயில்ல நிக்கப்படாதுலே. உள்ள விடு. நேரா விடு, மூஞ்சி வடக்க பாத்து இருக்கணும்.”

ஷெட்டின் வாசல் தெற்கே. உள்ளே நேராக விட்டால் வண்டியின் முகம் வடக்கே மில் சுவரைப் பார்க்கும். அந்தச் சுவரில், முழங்கால் உயரத்தில், மில்லுக்குள்ளிருந்து பஞ்சுத் தூசியை வெளியே தள்ளும் பெரிய ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. வடக்கு குபேரன் திசை, தெற்கு எமன் திசை. அந்த ஊர் மில்காரர்களில் நிறையப் பேர் வண்டியை வடக்கோ கிழக்கோ பார்த்துத்தான் நிறுத்துவார்கள். நானும் பார்த்துப் பழகியவன்தான். நேராக விட்டேன்.

இந்த ஷெட்டில் இதற்கு முன்னும் ஒரு பத்மினி நின்றது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

1987இல் மாமாவிடம் பத்மினிதான் இருந்தது. அதை ஓட்டியவர் செல்லையா, தேவதானத்துக்காரர். பட்டாளத்தில் பதினைந்து வருடம் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். மாமாவின் மூத்த மகளுக்கு மதுரையில் நிச்சயதார்த்தம். காலை ஒன்பது மணிக்குள் தட்டு மாற்ற வேண்டும். திருமங்கலத்துக்கு முன்பே வண்டி கொதித்து நின்றுவிட்டது. வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் நல்ல நேரம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்யாணம் பின்னால் நடந்தது, ஆனால் மாமா அன்றைய தலைகுனிவை மறக்கவில்லை.

மறுநாள் வண்டியைப் பார்த்துச் சொல்லும்படி என்னைக் கூப்பிட்டார். கார் விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்கு நான்தான் நீதிபதி. பானெட்டைத் திறந்து மேலிருந்து எட்டிப் பார்த்தேன். ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. கொதித்த வண்டியில் எப்படி இருக்கும்? அதைக்கூட நான் யோசிக்கவில்லை. பத்மினி மேல் பழி வரக் கூடாது என்பதுதான் என் கவலை.

மாமா அவர் பங்குக்கு ஒரு குற்றச்சாட்டு வைத்தார். “எம்புட்டோ தடவ சொல்லிட்டேன். ரிவர்ஸ்ல கொண்டாந்து தெக்க பாத்து நிறுத்துதான். எமனப் பாத்து வண்டிய நிறுத்தினா வெளங்குமா? போன வாரம் பூரா நானே கூட நின்னு வடக்க திருப்பி வச்சேன். அதுக்குள்ள இப்படி ஆயிப்போச்சு.”

செல்லையா என்னிடம்தான் பேச வந்தார். “தம்பி, அந்த ஃபேனு இருக்கு பாத்தியளா...”

நான் முடிக்க விடவில்லை. “ரேடியேட்டர் விக்கிற கடையில நிக்கிறவன் நான். எனக்கே பாடம் எடுக்காதிய” என்றேன். மாமாவிடம் திரும்பி, “வண்டியில ஒரு குறையும் கிடையாது மாமா. தண்ணி பாக்காம ஓட்டியிருக்காப்ல” என்றேன்.

அன்றே செல்லையாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு ஏழு வருடத்தில் மாமா மூன்று டிரைவர்களை மாற்றினார், பத்மினியைக் கொடுத்துவிட்டு அம்பாசிடர் வாங்கினார். அந்த ஊரில் நல்ல டிரைவர் கிடைப்பதில்லை என்று நான் மதுரையில் உட்கார்ந்து ஒரு முடிவுக்கும் வந்திருந்தேன்.

இனி 1994க்கு வருகிறேன். வியாழன் பூஜை. வெள்ளி முழுக்க உறவுக்காரர்கள் வந்து வண்டியைப் பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, சத்தம் கேட்கிறதா பாருங்கள் என்று காட்டினேன். அதிர்வே இல்லை என்று காட்ட ஒரு ரூபாய் நாணயத்தை எஞ்சின் மேல் நிறுத்தப் பார்த்தேன், அது விழுந்துவிட்டது. இத்தனையும் அந்த ஷெட்டுக்குள், அந்த ஃபேனுக்கு எதிரே. சாயங்காலம் மாமாவின் அம்பாசிடரில் ராஜபாளையத்தில் வண்டி பார்க்கப் போனோம். ஒரு வீட்டில் அம்பாசிடருக்கு முந்தைய லேண்ட்மாஸ்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டில் மூன்று ஹெரால்டுகள், அண்ணன் தம்பி மூவருக்கும் ஒவ்வொன்று. வண்டிப் பித்து உள்ளவர்களுக்கு அந்தக் காலத்து ராஜபாளையம் ஒரு திருத்தலம்தான்.

சனிக்கிழமை காலை 7.30க்குக் கிளம்பினேன். எட்டாவது கிலோமீட்டரில் சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையில் முள் கடைசிக் கோட்டைத் தொட்டது, பானெட் ஓரமாக ஆவி வந்தது. மெயின் ரோட்டிலேயே ஒரு ஒர்க்‌ஷாப். ஓரமாக நிறுத்திவிட்டு ஒன்றும் புரியாமல் நின்றேன். கிளம்பும்போது நானே தண்ணீர் பார்த்து ஊற்றியிருந்தேன்.

மெக்கானிக்கின் பெயர் அந்தோணி. பானெட்டைத் திறக்கவே இல்லை அவர். வண்டிக்கு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து, கிரில்லுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“எந்த மில்லுல நிப்பாட்டினிய?” என்று கேட்டார்.

கிரில்லைக் கழற்றி, ரேடியேட்டரின் முகத்திலிருந்து ஒரு படலத்தை உரித்து எடுத்தார். பஞ்சு. தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து, ஓரம் கறுத்து, கம்பளித் துண்டு போலக் கையோடு வந்தது. காற்று நுழைய ஒரு பொட்டு இடம் இல்லை.

“மூணு நாள்லயா?” என்றேன்.

“நின்னா மட்டும் இம்புட்டு ஏறாது. எஞ்சின ஓடவிட்டியளாக்கும்? காத்தாடி உள்ள இழுக்கும்லா. மில்லு வண்டிக்கு எந்தக் கம்பெனியா இருந்தாலும் இந்த வியாதி உண்டு. வெவரம் தெரிஞ்ச டிரைவர்னா ஃபேனுக்கு மூஞ்சியக் காட்ட மாட்டான். ரிவர்ஸ்ல விட்டு, திருப்பிப் போட்டு நிப்பாட்டிருவான்.”

அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். ரிவர்ஸில் கொண்டு வந்து தெற்கு பார்த்து நிறுத்தியவர் ஒருவரை எனக்குத் தெரியும். எமனையும் குபேரனையும் பார்க்காமல் ரேடியேட்டரைப் பார்த்தவர். வாரக்கணக்கில் அவர் காப்பாற்றி வைத்திருந்ததை மாமா ஒரு வாரத்தில் வடக்கே திருப்பி அடைத்தார். நான் அதற்கு முத்திரை குத்தினேன்.

தேவதானம் செல்லையாவைத் தெரியுமா என்று அந்தோணியிடம் கேட்டேன்.

“நம்ம ஸ்டாண்டுல தான இருக்காவ. கொதிச்செல்லையான்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். ராஜபாளையத்துல எவனும் வண்டி குடுக்கல அவியளுக்கு. இங்க வந்து வாடகை வண்டி ஓட்டுதாவ. அந்த ஸ்டாண்டுலயே சுத்தமான வண்டி அதுதான், அம்புட்டுப் பக்குவம். ஆனா பேரு விழுந்தது விழுந்ததுதான்.”

ரேடியேட்டரைக் கழுவ இரண்டு மணி நேரம் ஆகும் என்றார். அந்தப் பஞ்சுப் படலத்தை ஒரு செய்தித்தாளில் சுற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு, அரை கிலோமீட்டர் நடந்து ஸ்டாண்டுக்குப் போனேன்.

வரும்போது நான் பார்த்து ரசித்த அதே பழைய அம்பாசிடர்தான். செல்லையா ஒரு துணியால் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது, முதுகு மட்டும் பட்டாளத்தில் இருந்த மாதிரியே இருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார் என்பது அவர் துணியை மடித்த விதத்தில் தெரிந்தது.

பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினேன். அவர் அதைத் தொடவில்லை.

“நான்தான் தப்புச் சொல்லிட்டேண்ணே. உங்க மேல ஒரு குத்தமும் இல்ல” என்றேன்.

“எங்கிட்ட எதுக்கு சார் சொல்லுதிய? எனக்குத்தான் அப்பவே தெரியுமே” என்றார். “தெரியாதவிய பாளையத்துல இருக்காவ. அங்க போயிச் சொல்லுங்க.”

அந்த ‘சார்’ என்னைச் சுட்டது. பழையபடி தம்பி என்று திட்டியிருந்தால் தேவலை. மாமாவிடம் போய் அவர் தப்பை அவர் மில்லிலேயே சொல்வது எனக்குச் சின்ன வேலை இல்லை. நான் சாப்பிடும் சோறு அவர் வாங்கிக் கொடுத்த வேலையில் வருவது. தவிர, அவர் தப்பைச் சொன்னால் என் தப்பையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

“உங்க வண்டியிலயே போவோம்” என்றேன் கடைசியில்.

“முன்னால ரெண்டு வண்டி நிக்கி. வரிசை வரட்டும்” என்றார். முப்பத்தைந்து நிமிடம் காத்திருந்தோம். ராஜபாளையம் போக வர, ஸ்டாண்டு ரேட் நூற்று இருபது ரூபாய். அம்பாசிடரை அவ்வளவு நிதானமாக ஓட்டி நான் அதுவரை பார்த்ததில்லை. கியர் மாறுவதே தெரியவில்லை.

மில் கேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, “நான் இங்கனயே நிக்கேன். நீங்க போயிட்டு வாங்க” என்றார்.

மாமா ஆபீஸ் அறையில் இருந்தார். ஊருக்குப் போனவன் திரும்பி வந்ததைப் பார்த்துப் பதறி எழுந்தார். நான் பொட்டலத்தை மேஜை மேல் பிரித்து வைத்து, வண்டி கொதித்ததையும் அந்தோணி சொன்னதையும் சொன்னேன். பிறகு 1987ஐச் சொன்னேன். செல்லையா ஃபேனைப் பற்றிச் சொல்ல வந்தபோது நான் அவர் வாயை அடைத்ததையும் சொன்னேன்.

“பழசக் கிளறாதலே” என்றார் மாமா.

“அது பழசு இல்ல மாமா. கேட்ல நிக்காரு.”

மாமாவின் கை அந்தப் படலத்துக்குப் போனது. ஓரத்திலிருந்து ஒரு சிட்டிகை பிய்த்து, இரண்டு கை விரல்களாலும் பிடித்து மெதுவாக இழுத்து, இழை நீளம் பார்த்தார். பஞ்சு வாங்குகிறவர்கள் பேல் மூட்டையைப் பிரித்ததும் செய்கிற காரியம். நாற்பது வருடப் பழக்கம். இழுத்ததை மறுபடி சேர்த்து, இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

“நம்ம பஞ்சுதான்” என்றார்.

பிறகு எழுந்து, செருப்பு மாட்டாமலே கேட்டுக்குப் போனார். நான் பின்னால் போனேன். அவரைக் கண்டதும் செல்லையா கீழே இறங்கி நேராக நின்றார். மாமா மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் மூத்தவர்கள் யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை, அவரும் கேட்கவில்லை.

“வண்டியக் கொண்டாந்து ஷெட்ல விடுப்பா” என்றார்.

செல்லையா ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்தார். கேட்டுக்குள் வந்து, ஷெட்டைத் தாண்டி முன்னால் போய், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பின்னுக்கு எடுத்தார். ஒரே எடுப்பில் வண்டி உள்ளே போய் நின்றது. வண்டியின் முகம் தெற்கு பார்த்து இருந்தது.

மில் வேலையாட்கள் ஏழெட்டுப் பேர் கதவோரம் வந்து நின்றுவிட்டார்கள். ஷெட்டில் தெற்கு பார்த்து வண்டி நின்றால் முதலாளி என்ன செய்வார் என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். மாமா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றார்.

“அப்படியே நிக்கட்டும்” என்றார், அவர்கள் எல்லோருக்கும் கேட்கிற குரலில். “அவிய நிறுத்தினது சரிதான். அன்னைக்கும் சரிதான்.”

காபி வந்தது. செல்லையா நின்றுகொண்டே குடித்தார். திரும்ப வேலைக்கு வருகிறாயா என்று மாமா கேட்டார். “வேண்டாம் மொதலாளி. ஸ்டாண்டுல எனக்கு வரிசை இருக்கு” என்று சொல்லி டம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டார்.

திரும்பும் வழியில் நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். ஊருக்கு வெளியே வந்ததும், எங்களை மன்னித்துவிடுங்கள் என்று கேட்டேன். பாதி தூரத்தில், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

“பெரியவிய சாஸ்திரம் பாக்கவிய. அவியள நான் தப்புச் சொல்ல மாட்டேன். நீங்க வெவரம் தெரிஞ்சவிய. அன்னைக்கு ஒரு தடவ குனிஞ்சு பாத்திருந்தாப் போதும் தம்பி.”

ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டாண்டில் இறங்கினேன். நூற்று இருபது ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டார், கூடக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தோணி அறுபது ரூபாய் கேட்டார். 12.45க்குக் கிளம்பி 3.10க்கு மதுரை வந்தேன், முள் பாதியைத் தாண்டவில்லை. பால்கோவா வாங்க மறந்துவிட்டேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மதுரையிலிருந்து விடியலில் கிளம்புங்கள், கிருஷ்ணன்கோவிலுக்குப் பின் மலையில் வெயில் விழுவதைப் பார்க்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயில் நடை மதியம் சாத்திவிடுவார்கள், காலையிலேயே பார்த்துவிட்டு ராஜபாளையம் போங்கள். நேரம் இருந்தால் சேத்தூர், தேவதானம் வரை போய்வரலாம், வயலுக்கு நடுவே நல்ல ரோடு. பழைய வண்டி உள்ள வீடுகளில் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் மரியாதையாகக் காட்டுவார்கள். மில் பக்கம் வண்டியை நிறுத்தினால் ஃபேன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

நான் இன்னும் எல்லா வண்டிகளைப் பற்றியும் கருத்துச் சொல்கிறேன், பத்மினிக்காக இன்னும் சண்டை போடுகிறேன். ஆனால் ஒரு வண்டி கொதித்தது என்று யாராவது சொன்னால் முதலில் அதை ஓட்டியவரைக் கேட்கிறேன், முழுதாகச் சொல்ல விடுகிறேன். பிறகு வண்டிக்கு முன்னால் போய் உட்காருகிறேன். இந்த வயதில் முழங்கால் வலிக்கிறது. இருந்தாலும் குனிந்து பார்க்கிறேன்.